இடிந்த சுவரும் ஊழும்

தமிழில் ‘விதி’ என்னும் சொல் மனிதரால் மாற்ற இயலாதபடி முன்னரே வகுக்கப்பட்டதையும் குறிக்கிறது. மனிதரே வகுத்து, மீறியவரைப் பொறுப்பாக்கும் நெறிமுறையையும் குறிக்கிறது. கட்டடம் இடிந்து தொழிலாளர் மடியும்போதோ ஊனமுறும்போதோ இவ்விரு பொருள்களும் நேருக்கு நேர் மோதிக்கொள்கின்றன. 2014 ஜூன் 28 அன்று சென்னையை அடுத்த மவுலிவாக்கத்தில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த 11 மாடிக் குடியிருப்பு மழைநேரத்தில் சரிந்து, ஆந்திரம், ஒடிசா, தமிழ்நாடு ஆகிய மாநிலங்களிலிருந்து வேலைக்கு வந்திருந்தோர் உட்பட 61 பேர் உயிரிழந்தபோது, மின்னல் தாக்கியதே காரணம் என்ற பேச்சு முதலில் எழுந்தது. நீதிபதி ரகுபதியின் ஒருநபர் விசாரணை ஆணையமோ வடிவமைப்பிலும் கட்டுமானத்திலும் இருந்த குறைகளையே சுட்டியது. இடியாமல் நின்ற இணைக் கட்டடமும் 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. வானத்திலிருந்து வந்த மின்னல் என்ற விளக்கத்துக்கும், மண்ணில் நின்ற தூணின் வலுவின்மை என்ற விளக்கத்துக்கும் இடையிலுள்ள தொலைவு பொறியியல் சார்ந்தது மட்டுமன்று. துன்பத்திற்கு யார் கணக்குச் சொல்ல வேண்டும் என்னும் பழைய சமயக் கேள்வியும் அதற்குள் அடங்கியிருக்கிறது.

இக்கேள்வி ஒரு கட்டடத்தின் வீழ்ச்சியை முன்வைத்தே எழுப்பப்பட்ட இடம் ஒன்று விவிலியத்தில் உண்டு. லூக்கா நற்செய்தியின் 13-ஆம் அதிகாரத்தில், சீலோவாமில் கோபுரம் விழுந்து இறந்த 18 பேரைக் குறிப்பிடும் இயேசு, அவர்கள் எருசலேமில் வாழ்ந்த மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகள் என்று எண்ணுவதை வெளிப்படையாக மறுக்கிறார். அவர்கள் அங்கே வேலை செய்தவர்களா, வழிப்போக்கர்களா என்பதை நூல் சொல்வதில்லை. ஆனால், இடிபாட்டுக்கு அடியில் கிடப்பவனின் வாழ்க்கையில் குற்றம் தேடும் பழக்கம் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மறுக்கப்பட்டிருப்பது கவனத்திற்குரியது. அதனினும் பழைய உபாகமத்தின் 22-ஆம் அதிகாரம், புது வீடு கட்டுபவன் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் எழுப்ப வேண்டும் என்றும், இல்லையேல் தவறி விழுபவனின் இரத்தப்பழி அவ்வீட்டின்மேல் வரும் என்றும் விதிக்கிறது. விழுபவன் விழுவதற்கென்றே விதிக்கப்பட்டவனா என்ற ஆராய்ச்சிக்குள் அக்கட்டளை நுழையவில்லை. சுவர் கட்டப்பட்டதா என்பதே அதன் அக்கறை.

தமிழ் மரபில் இக்கேள்வியை மிக ஆழமாகக் கையாண்ட நூல் சிலப்பதிகாரம். ஊழ்வினை தவறாமல் வந்து பயன் தரும் என்பதைத் தன் மூன்று உண்மைகளுள் ஒன்றாகவே அறிவித்துக்கொண்ட காப்பியம் அது. ஆகவே, விதியைக் காட்டிப் பொறுப்பைத் தட்டிக்கழிக்க விரும்புவோர் அதைச் சான்றாக எடுப்பது இயல்பு. ஆனால் காப்பியம் தன் நிகழ்ச்சிகளை அடுக்கியுள்ள வரிசை வேறொன்றைச் சொல்கிறது. வழக்குரை காதையில் கண்ணகி தன் சிலம்பை உடைத்துக் காட்டி, அதன் பரல் மாணிக்கம் என்றும், அரசியின் சிலம்பிலிருந்த பரல் முத்து என்றும் மெய்ப்பிக்கிறாள். பொற்கொல்லன் சொல்லை ஆராயாமல் நம்பி அவள் கணவன் கோவலனைக் கள்வனெனக் கொல்வித்த பாண்டியன் தன் பிழையை ஏற்று அங்கேயே உயிர்விடுகிறான். கோவலன் முற்பிறவியில் கலிங்க நாட்டில் சங்கமன் என்னும் வணிகனை ஒற்றன் என்று காட்டிக்கொடுத்து மாள வைத்தவன் என்பதும், சங்கமனின் மனைவியிட்ட சாபமே இப்பிறவியில் பலித்தது என்பதும் அப்போது அவையில் எவருக்கும் தெரியாது. தீர்ப்பு முடிந்து, நகர் எரிந்த பின்னரே, மதுராபதித் தெய்வம் கட்டுரை காதையில் அச்செய்தியைக் கண்ணகியிடம் கூறுகிறது.

இந்த வரிசை தற்செயலாக அமைந்ததன்று. ஊழ் பற்றிய விளக்கம் இழந்தவளுக்கு, ஒரு தெய்வத்தின் வாயால், வழக்கு முடிந்த பிறகு தரப்படுகிறது. தவறிழைத்தவன் வாயிலிருந்து, விசாரணையின் நடுவே, எதிர்வாதமாக அது வரவில்லை. இவன் இறப்பதற்கென்றே பிறந்தவன் என்று பாண்டியன் ஒரு சொல் சொல்லியிருந்தாலும் காப்பியம் குலைந்துபோயிருக்கும். ஊழைச் சிறிதும் மறுக்காத ஒரு நூலே ஆள்பவனின் பொறுப்பில் ஓர் இம்மியும் குறைக்காமல் விட்டிருப்பது, இவ்விரண்டும் ஒன்றையொன்று அழிப்பவை அல்ல என்பதற்குத் தமிழ் தரும் மிக வலிய சான்று. விதி என்னும் சொல்லை ஆறுதலாக எடுத்துக்கொள்ளும் உரிமை அடிபட்டவனுடையது. அடிபடக் காரணமானவனுக்கு அச்சொல்லில் பங்கில்லை.

சைவ சித்தாந்தத்தின் வினைக்கொள்கையும் இம்முடிவுக்கே இட்டுச்செல்கிறது. சேர்ந்து கிடக்கும் பழவினை சஞ்சிதம் எனவும், அதில் இப்பிறவியில் நுகர வந்த பகுதி பிராரத்தம் எனவும், இப்போது புதிதாக ஈட்டப்படுவது ஆகாமியம் எனவும் அது பகுக்கிறது. அடிபட்ட கொத்தனாரின் வலி அவரது பிராரத்தம் என்றே ஒருவர் நம்பினாலும், சிமெண்டைக் குறைத்தவருடைய செயல் அவருடைய சொந்த ஆகாமியமாகவே நிற்கும். ஒருவரது பழைய கணக்கு மற்றொருவரது புதிய கணக்கைத் தீர்ப்பதில்லை. மேலும், வினை அறிவற்றது என்றும், அதன் பயனை அறிந்து கூட்டுவிப்பவன் இறைவனே என்றும் சித்தாந்தம் கொள்வதால், இன்னாருக்கு இன்ன வினையால் இன்ன துன்பம் வந்தது என்று உறுதியாகச் சொல்லும் மனிதர், இறைவனுக்கே உரிய அறிவைத் தமதென்று உரிமை கொண்டாடுகிறார்.

நீதிமன்றங்களும் நெடுங்காலம் ஒருவகை ஊழ்க்கொள்கையைக் கைக்கொண்டிருந்தன என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். 1837-ல் இங்கிலாந்தில், அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றப்பட்ட வண்டி முறிந்து தொடையெலும்பு உடைந்த இறைச்சிக்கடைப் பணியாளர் ஒருவர் தொடுத்த வழக்கில், முதலாளி பொறுப்பாளி அல்லர் எனத் தீர்ப்பாயிற்று. அதிலிருந்து வளர்ந்த ‘பொதுப்பணி’க் கோட்பாடு, உடன் வேலை செய்வோரின் தவறால் நேரும் ஆபத்தையும் கூலி பேசிய அன்றே தொழிலாளி ஏற்றுக்கொண்டதாகக் கருதியது. பசியால் ஏற்ற வேலையை ஆபத்துக்கு அளித்த சம்மதமாகப் படித்த இக்கோட்பாடு, தலையெழுத்து என்பதற்குப் பதிலாக ஒப்பந்தம் என்ற சொல்லை வைத்ததேயன்றி, அடிபட்டவரின் நிலையை மாற்றவில்லை. ஜெர்மனியில் 1884-லும் இங்கிலாந்தில் 1897-லும் வந்த சட்டங்கள்தாம், யார் தவறு என்று கேட்பதை விட்டு, அத்தொழிலால் பயன் பெறுபவர் அத்தொழிலால் வரும் ஊனத்தின் சுமையையும் தாங்க வேண்டும் என்ற நெறிக்கு மாறின.

இந்தியாவில் அந்நெறியைக் கொண்டுவந்தது 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம். 2020-ல் இயற்றப்பட்டு, 2025-ல் அதற்குப் பதிலாக நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பும் இதே அடித்தளத்தில்தான் நிற்கிறது. வேலையின் காரணமாகவும் வேலையின் போக்கிலும் நேர்ந்த விபத்து என்பதை நிறுவினால் போதும், முதலாளியின் கவனக்குறைவை மெய்ப்பிக்க வேண்டியதில்லை என்பதே 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின் உயிர்நாடியாக இருந்தது. சாரம் சரிந்து விழுந்தவரோ அவரது குடும்பமோ 2 ஆண்டுகளுக்குள் இழப்பீட்டு ஆணையரிடம் மனுச் செய்ய அச்சட்டம் வழிசெய்தது. குடிபோதை, பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறியமை போன்ற எதிர்வாதங்கள் பிற காயங்களில் எடுபடலாம். மரணத்திலும் நிரந்தர முழு ஊனத்திலும் எடுபடா. இழப்பீட்டு உரிமையைத் துறப்பதாகத் தொழிலாளி எழுதிக்கொடுத்த தாள் செல்லாது. எழுதப் படிக்கத் தெரியாத சித்தாளிடம் கைநாட்டு வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கம் இருக்கும்வரை, இக்கடைசி விதியைக் கட்டட வேலைக்குப் போகும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும்.

இயற்கையின் மேல் பழிபோடும் வாதத்துக்கும் இச்சட்ட மரபில் விடை உண்டு. 1917-ல் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை தீர்த்த ஒரு வழக்கில், கொட்டகையில் மீன் பதப்படுத்தும் வேலையிலிருந்த பெண்ணின்மேல், அண்டை நிலத்தில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த சுவர் விழுந்ததால் கொட்டகையின் கூரை சரிந்தது. சுவர் முதலாளியுடையதன்று, மீன் வேலைக்கும் சுவருக்கும் தொடர்பே இல்லை. ஆயினும், ஆபத்து இருந்த அந்த இடத்தில் அவரை நிறுத்தியது அவரது வேலையே என்பதால் இழப்பீடு உரியது எனச் சபை முடிவு செய்தது. அந்த நேரத்தில் அந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று விதி இருந்திருக்கிறது என உறவினர் சொல்லி அழும் அதே செய்தியை, அங்கே இருக்கச் செய்தவர் யார் என்ற வினாவாகச் சட்டம் திருப்பி எழுப்புகிறது.

கட்டுமானத் தொழிலில் இவ்வினாவுக்கு விடை காண்பது எளிதன்று. மனை உரிமையாளர், கட்டுமான நிறுவனம், வடிவமைப்புப் பொறியாளர், உள் ஒப்பந்தக்காரர், ஆள் அழைத்துவந்த மேஸ்திரி என்று நீளும் வரிசையில் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் காட்ட, கடைசியில் நிற்பவர் வானத்தைக் காட்டுகிறார். தம் தொழிலின் பகுதியான வேலையை ஒப்பந்தக்காரரிடம் விட்ட முதன்மை முதலாளியும், தம் கட்டுப்பாட்டிலுள்ள இடத்தில் நேர்ந்த விபத்துக்கு நேரடியாகப் பொறுப்பாவார் என்று 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு கூறியது இந்தச் சங்கிலியை அறுப்பதற்காகவே. கொடுத்த தொகையை அவர் ஒப்பந்தக்காரரிடமிருந்து மீட்டுக்கொள்ளலாம். குறைபாடான கட்டுமானத்துக்குக் காரணமானவர்மீது உரிமையியல் நீதிமன்றத்தில் கவனக்குறைவுக்கான நட்டஈட்டு வழக்குத் தொடுப்பது மற்றொரு வழி. அதில் தொகைக்குச் சட்டம் வகுத்த வரம்பு இல்லை. ஆனால் தவறை மெய்ப்பிக்கும் சுமை அடிபட்டவர்மேல் விழும். இழப்பீட்டு அதிகாரியிடம் கோரிக்கை தொடுத்தவர் அதே காயத்துக்காக உரிமையியல் வழக்குத் தொடுக்க இயலாது, அங்கே தொடுத்தவர் இங்கே வர இயலாது என்பதால், மருத்துவமனைப் படுக்கையில் அவசரமாகக் கையெழுத்திடுவதற்கு முன் சட்ட உதவி பெறுவது இன்றியமையாதது. பாரதிய நியாய சன்ஹிதாவின்படி நடக்கும் குற்ற வழக்கு இவற்றிலிருந்து வேறானது. 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைக்கப்பட்டு, கட்டுமானச் செலவில் வசூலாகும் தீர்வையைக் கொண்டு இயங்கும் நலவாரியத்தின் உதவியும், பதிவு செய்த தொழிலாளருக்குத் தனியே உண்டு.

இழப்பீட்டைக் கணக்கிடும் முறை சிலருக்கு மனக்கூச்சம் தருவது. மாத ஊதியம் எவ்வளவு இருப்பினும் கணக்கிற்கு 15,000 ரூபாயே உச்சவரம்பு என 2020-ல் நிர்ணயிக்கப்பட்டது. அந்த ஊதியமுள்ள 30 வயதுடையவர் நிரந்தரமாக முழு ஊனமுற்றால், அதன் 60 விழுக்காடான 9,000 ரூபாயை, வயதுக்குரிய காரணியான 207.98-ஆல் பெருக்க, 18,71,820 ரூபாய் வருகிறது. மனித உடலுக்கு விலை குறிப்பதா என்று கேட்பது நியாயமே. ஆயினும், விலைமதிப்பற்றது என்று சொல்லி ஒன்றும் தராமல் விட்ட காலமே நீண்டது. இத்தொகை உயிரின் விலையாக எண்ணப்பட வேண்டியதில்லை; அந்தக் கைகளை நம்பியிருந்த வீட்டில் நாளை அடுப்பெரிய வேண்டும் என்பதற்கான ஏற்பாடாகவே கொள்ளத்தக்கது.

திரையரங்கு ஒன்றில் அலங்கார வேலை செய்தபோது கீழே விழுந்து இடக்கையை இழந்த தச்சர் ஒருவரின் வழக்கை 1975-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. ஒரு கையை இழந்ததைப் பகுதி ஊனம் என்று முதலாளி தரப்பு வாதிட்டது. ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாதாகையால் இது முழு ஊனமே என்றது நீதிமன்றம். அதனினும் ஆழ்ந்த முடிவு ஒன்றும் அத்தீர்ப்பில் உண்டு: இழப்பீட்டுக் கடன் ஆணையர் உத்தரவிடும் நாளில் பிறப்பதன்று, விபத்து நேர்ந்த கணத்திலேயே பிறந்துவிடுகிறது. செயல் நிகழும்போதே அதன் பயனும் செய்தவனைப் பற்றிக்கொள்கிறது என்னும் வினைக்கொள்கைக்கு இதனினும் நெருங்கிய ஒன்றை நீதிமன்ற ஏடுகளில் காண்பது அரிது. 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஒரு மாதத்திற்குள் செலுத்தப்படாத தொகைக்கு ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டியும், தாமதத்துக்குத் தக்க காரணம் இல்லையேல் 50 விழுக்காடு வரை தண்டமும் சேர்ந்தன. எல்லாம் விதி என்று அடிபட்டவரின் வீட்டார் தம்மைத் தேற்றிக்கொண்டிருக்கும் நாட்களிலும் அக்கடன் தீராமல் நிற்கிறது.