நோயை மறைப்பது நாணமாகுமா?

நாணத்தை ஈமானின் ஒரு கிளையென நாயகம் (ஸல்) அவர்கள் நமக்கு அறிவித்துத் தந்துள்ளார்கள். தூத்துக்குடியிலும் காயலிலும் கீழக்கரையிலும் நம் தாய்மார்கள் அதனை ஆபரணமாகவே பூண்டு வந்திருக்கின்றனர். மார்பில் கட்டி கண்ட பெண்மணி அதனை எவரிடமும் கூறாது மூடி வைப்பதும் அந்நாணத்தின் பாற்பட்டதே எனப் பெருமை பேசுவோர் உளர். இப்பெருமை சரிதானா?

மார்க்கம் நம்மை இதில் இருட்டில் விடவில்லை. பெண்ணுக்குப் பெண் மருத்துவரே முதல் உரியவர். அவர் கிடைக்காவிடத்து ஆண் மருத்துவரும் பார்க்கலாம். உடன் மஹ்ரமானவரோ நம்பிக்கைக்குரிய பெண்ணோ இருத்தல் வேண்டும். பார்வை தேவையின் அளவைத் தாண்டலாகாது. இதனை ஷாஃபிஈ ஃபிக்ஹு நூல்கள் தெளிவாகவே கூறுகின்றன. பெண்களுக்குரிய அந்தரங்க விஷயம் ஒன்றை உம்மு ஸுலைம் (ரலி) அவர்கள் நாயகத்தின் திருமுன்னரே கேட்டுத் தெளிந்தார்களே, அவர்களைவிட நாணமுடையோர் யார்?

இவ்வளவும் பலர் அறிந்ததே. கட்டியை அகற்றி, உடல் தேறி, பல்லாண்டு கழிந்தபின் எழும் வினாவையே பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

மார்பகப் புற்று பரவுமாயின் பெரும்பாலும் எலும்பு, நுரையீரல், கல்லீரல் ஆகியவற்றையே நாடும். இரைப்பைக்கும் குடலுக்கும் செல்வது அரிது. ஆயினும் பால் சுரக்கும் நுண்மடல்களில் தோன்றும் 'லோபுலர்' வகைக்கு அந்நாட்டம் மிகுதி. முதல் நோய் கண்டு பத்தாண்டு, ஏன், இருபதாண்டு கழிந்தும் அது தலைகாட்டலாம். பசி குன்றும், இரண்டு கவளத்தில் வயிறு நிறையும், வாந்தியும் மெலிவும் தொடரும். வாயுத் தொல்லை என்று ஓமநீர் காய்ச்சிக் கொடுப்போம்.

இவ்வகையில் உயிரணுக்களை ஒன்றோடொன்று பிணைக்கும் புரதம் அற்றுப் போவதால், அவை கட்டியாகத் திரளாமல் தனித்தனியே ஊடுருவி இரைப்பைச் சுவரைத் தடித்து விறைக்கச் செய்கின்றன. உள்ளே குழாய் செலுத்திப் பார்க்கும் எண்டாஸ்கோப்பியில் மேற்சவ்வு பழுதின்றியும் தோன்றக்கூடும். மேலாகக் கிள்ளிய துண்டில் ஒன்றும் அகப்படாமலும் போகும். 1961-இல் இக்கரையில் நடந்த கடைசிச் சலாபம் வரை, மாதிரிச் சிப்பிகளைப் பிளந்து மதிப்பிட்ட பின்னரே முத்துக்குளிப்பை அறிவிப்பர். ஓட்டைத் தடவி முத்தை மதித்தவர் எவருமிலர். இங்கும் ஆழத்திலிருந்து, மீண்டும் மீண்டும் திசு எடுக்க வேண்டியிருக்கிறது.

எடுத்த பின்னரும் சிக்கல் தீர்ந்தபாடில்லை. இரைப்பையிலேயே பிறந்த புற்றும் மார்பிலிருந்து வந்த புற்றும் நுண்ணோக்காடியில் ஒரே முகம் காட்டக்கூடும். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி முதலியவற்றைக் காட்டும் தனிச் சாயச் சோதனைகளே இரண்டையும் பிரித்துணர்த்தும். முன்பு மார்பில் புற்று இருந்தது என்ற ஒரு சொல் கிடைத்தால் அச்சோதனைகளை மருத்துவர் உடனே நாடுவார். கிடைக்காவிடின் இரைப்பைப் புற்றென்றே எழுதிவிடவும் கூடும். இரைப்பையில் பிறந்ததை, பரவுமுன் கண்டால், அறுத்தெடுக்க முயல்வர். மார்பிலிருந்து வந்ததற்கோ இரைப்பையை அறுப்பதால் பெரும்பாலும் பயனில்லை. ஹார்மோன் மாத்திரை முதலிய, உடல் முழுதும் சென்றடையும் மருந்தே வேண்டும்.

நோய்க்குப் பெயர் மாறுவதன் கொடுமையை டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் தம் குடும்பத்திலேயே கண்டார். அவருடைய தங்கைக்கு வந்த மலக்குடல் புற்று முதலில் சீதபேதி என்றே கருதப்பட்டது; 1923-இல் அவர் மரணமடைந்தார். அது மார்பிலிருந்து பரவியதன்று; ஆயினும் மருத்துவர் வீட்டிலேயே நேர்ந்தது. 1954-இல் அடையாற்றில் எழுந்த புற்றுநோய் மருத்துவமனைக்கு அத்துயரமே வித்து.

இனி நம் வீட்டுக்கு வருவோம். "உம்மாவுக்குத் தெரிய வேண்டாம், தாங்க மாட்டார்கள்" என்று மக்கள் மறைக்கின்றனர். அன்பினால்தான். ஆண்டுகள் ஓடுகின்றன, அறிந்த கணவர் மவுத்தாகிறார், மகன் வளைகுடாவில். வேற்றூர் மருத்துவர் முன் அந்த அம்மா தனியே அமர்ந்து, "அப்ப ஒரு சின்னக் கொழுப்புக் கட்டி எடுத்தாங்க, டாக்டரம்மா" என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அளிக்கப்பட்டதையே சொல்கிறார்.

பிறர் குறையை மறைப்பது நன்மைதானே என்பீர்கள். அது பாவத்தைப் பற்றியது. நோய் பாவமன்று, அதனை மறைத்துப் புண்ணியம் தேட இடமில்லை. ஒருவர் உடலைப் பற்றிய செய்தி அவருக்குரிய அமானிதம். அதை உரியவரிடம் ஒப்படைக்காது பிள்ளைகளே வைத்துக் கொள்வது எவ்வாறு கூடும்? மெல்லக் கூறலாம்; பல நாட்களில் கூறலாம்; அவர் கேட்குமளவு கூறலாம். கூறாமலே விட்டுவிட என் மனம் ஒப்பவில்லை.

அண்டை அயலாருக்கோ சம்பந்தம் பேச வருவோருக்கோ இதைப் பறைசாற்ற வேண்டியதில்லை. பெற்ற பெண்மக்கள் அறிய வேண்டும். இந்நோயில் சில குடும்பவழி வருபவை. சம்பந்தம் கெடுமென்று அஞ்சி நாம் கிழித்தெறியும் திசுப் பரிசோதனைச் சீட்டு, வீட்டுப் பத்திரத்தோடு இருக்க வேண்டியது. அச்சீட்டின் எண்ணைக் கொண்டு, மெழுகில் பதித்து மருத்துவமனையில் காத்து வைத்த பழைய திசுவையும் தேடி எடுக்க இயலும். பழையதையும் புதியதையும் அருகருகே வைத்து, இரண்டும் ஒன்றேயா என்று மருத்துவர் பார்ப்பார்.