பழைய எஞ்சின் இழுக்காது என்று யார் சொன்னது?

தைப்பூசத்துக்கு முதல் நாள் பினாங்கு ஸ்திரீட்டில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். கோவில் வீட்டிலிருந்து வெள்ளித் தேர் புறப்படும். 1894-இல் இந்த ஊருக்கு வந்த தேர், இழுப்பவை காளைகள். நிற்கிற சக்கரத்தை அசைக்கத்தான் மாடு கழுத்தைக் கொடுக்க வேண்டும். உருள ஆரம்பித்துவிட்டால் தண்ணீர்மலைப் பாதையில் பளு பாதியாகிவிட்ட மாதிரி இருக்கும். "தொடங்குவதுதான் கஷ்டம், தொடங்கிவிட்டால் மீதி தானாக நடக்கும்" என்று மேடைக்கு மேடை பேசுகிறார்களே, அது இந்தத் தேருக்குச் சரி. உனக்குச் சரிவராது, தம்பி! உன் பின்னால் கட்டியிருக்கும் பளு வேறு ரகம்.

அந்த ரகத்தை அமெரிக்க விவசாயிகள் ஒரு விளையாட்டாகவே செய்து வைத்திருக்கிறார்கள். டிராக்டர் இழுவைப் போட்டி. முதலில் குதிரைகளை வைத்து இழுத்தார்கள். 1929-இல் மிசௌரி மாநிலத்து பௌலிங் கிரீனிலும் ஒஹையோ மாநிலத்து வான்ஸ்வில்லிலும் டிராக்டர்களைக் களத்தில் இறக்கினார்கள். அந்தக் காலத்தில் தரையில் ஒரு பலகையை இழுத்துக்கொண்டு டிராக்டர் போகும். வழி நெடுக ஆட்கள் நிற்பார்கள். பலகை பக்கத்தில் வர வர ஒவ்வொருவராக அதில் ஏறிக்கொள்வார்கள். ஆள் ஏற ஏறப் பளு கூடும். இப்போது ஆட்களுக்குப் பதில் இயந்திரம் வந்துவிட்டது. இழுபடும் வண்டியின் பின்பக்கம் சக்கரம், முன்பக்கம் தரையில் உராயும் தகடு. கிளம்பும்போது எடைப்பெட்டி பின்னால், சக்கரத்தின் மேல் இருக்கும். வண்டி நகர நகர அந்தப் பெட்டி முன்னோக்கி ஊர்ந்து தகட்டின் மேல் ஏறும். தகடு மண்ணை அழுத்தும். கிளம்பும்போது பூப்போல வந்த வண்டி, ஐம்பது மீட்டரில் கல்லாகும், எண்பதில் மலையாகும். 300 அடி, அதாவது 91 மீட்டரைத் தாண்டினால் முழு இழுவை. பலரும் அதற்கு முன்பே நின்றுவிடுகிறார்கள்.

உன் கதை இதுதானே? கோர்ஸில் சேர்ந்த முதல் மாதம் சுலபமாகத்தான் இருந்தது. பட்டறையில் முதல் வருஷம் உற்சாகமாகத்தான் போனது. பிறகு வாடகை ஏறியது, அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனது, மோட்டார் தவணை வந்தது. நீ முன்னேறியதால்தான் பளு கூடியது! நின்ற இடத்திலேயே நின்றவனுக்கு எடைப்பெட்டி அசையவே அசையாது. பாரம் கூடுகிறது என்றால் நீ நகர்கிறாய் என்று அர்த்தம். இதைப் புரிந்துகொள்ளாமல் எத்தனை பேர் அறுபதாவது மீட்டரில் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கிப் போகிறார்கள்!

"என்னிடம் நல்ல எஞ்சின் இல்லை" என்கிறாய். எஸ்.பி.எம். தேர்வு முடிவு சரியில்லை, ஆங்கிலம் வராது, தோட்டத்திலிருந்து வந்தவன். சரி, வா, பழைய எஞ்சின்களைப் பற்றியே பேசுவோம்.

இழுவைப் போட்டிகளில் பழங்கால டிராக்டர்களுக்கென்றே தனிப் பிரிவு உண்டு. அதில் அடிக்கடி வந்து நிற்பது ஃபார்மால் எம். இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனி 1939-இல் வெளியிட்ட வண்டி. நான்கு சிலிண்டர். துளையின் விட்டம் 3⅞ அங்குலம், பிஸ்டன் ஏறி இறங்கும் நீளம் 5¼ அங்குலம், மொத்தக் கொள்ளளவு 248 கன அங்குலம், அதாவது நான்கு லிட்டருக்குச் சற்று மேல். வேகம் நிமிஷத்துக்கு 1,450 சுற்றுதான். உன் கப்சாய் மோட்டார் சைக்கிளின் எஞ்சின் இதைவிடப் பல மடங்கு வேகமாகச் சுற்றும்! ஆனால் அந்த நீண்ட ஸ்ட்ரோக் இருக்கிறதே, அது மெதுவாகச் சுற்றும்போதே முறுக்குவிசையைக் கொட்டும். இழுவைக்கு வேண்டியது அதுதான்.

1952-இல் அதே கம்பெனி சூப்பர் எம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. செய்தது என்ன தெரியுமா? முக்கியமாக, துளையை அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு அகலப்படுத்தினார்கள். 3⅞ போய் 4 ஆனது. கொள்ளளவு 264. எட்டில் ஒரு பங்கு அங்குலம்! உன் சுண்டுவிரல் நகத்தின் அகலம்கூட இல்லை.

போட்டிக்காரர்கள் அங்கிருந்து ஆரம்பிக்கிறார்கள். அந்தக் கால டிராக்டர்கள் மட்டமான எரிபொருளிலும், மண்ணெண்ணெயிலும்கூட ஓட வேண்டியிருந்ததால் அமுக்க விகிதத்தைக் குறைவாகவே வைத்திருந்தார்கள். அதாவது எஞ்சினுக்குள் இருந்த பலத்தில் ஒரு பகுதியைக் கட்டிப்போட்டே விற்றார்கள். இன்று நல்ல பெட்ரோல் கிடைக்கிறது. ஹெட்டைச் சீவினால், மேடான பிஸ்டன் போட்டால், அமுக்கம் ஏறுகிறது. காற்று போகும் துவாரங்களை வழவழப்பாக்கினால் எஞ்சின் தாராளமாக மூச்சு விடுகிறது. பெரிய கார்புரேட்டர், திருத்திய டைமிங், இறுக்கிய கவர்னர் ஸ்பிரிங் என்று வேலை நீண்டுகொண்டே போகும். எதுவும் மாயமில்லை. திறந்து பார்த்தால்தான் எது கட்டிப்போடப்பட்டிருக்கிறது என்று தெரியும். நீ உன்னைத் திறந்து பார்த்திருக்கிறாயா? யாரோ ஒரு வாத்தியார் பதினைந்து வயதில் ஒட்டிய லேபிளை இன்னும் பானெட்டில் ஒட்டிக்கொண்டே ஓடுகிறாயே!

ஒன்று சொல்லிவிடுகிறேன். எஞ்சினை மட்டும் முறுக்கேற்றுகிறவன் களத்தில் தோற்பான். சக்கரம் சுழன்று மண்ணைப் பறிக்கும், வண்டி நகராது. பளுவைக் கட்டும் கொக்கி எந்த உயரத்தில் இருக்கிறது, முன்னால் எத்தனை இரும்புத் தட்டு தொங்குகிறது, டயரில் காற்று எவ்வளவு, இவை எல்லாம் சேர்ந்துதான் பலத்தை மண்ணுக்குக் கொண்டுபோகின்றன. கொக்கி தாழ்ந்தால் பின்சக்கரம் வழுக்கும். அளவுக்கு மீறி உயர்ந்தால் முன்சக்கரம் வானத்தைப் பார்க்கும். திறமை நிறைய இருந்தும் முன்னேறாத எத்தனை பேரை இந்தத் தீவில் பார்த்திருக்கிறேன்! எஞ்சின் கர்ஜிக்கிறது, டயர் புகைகிறது, வண்டி அங்கேயே நிற்கிறது. நேரத்துக்கு வேலைக்கு வருவதும், கணக்கை எழுதி வைப்பதும், முதலாளியிடம் நிமிர்ந்து கூலி கேட்பதும்தான் அந்தக் கொக்கியும் எடைத்தட்டும்.

வயதாகிவிட்டது என்பவர்களுக்கு நியூசிலாந்துக்காரர் ஒருவரைக் காட்டுகிறேன். பர்ட் மன்ரோ, 1899-இல் பிறந்தவர், இன்வர்கார்கில் ஊர். அவரிடம் 1920-இல் தயாரான இந்தியன் ஸ்கௌட் மோட்டார் சைக்கிள் ஒன்று இருந்தது. கம்பெனி கொடுத்த உச்ச வேகம் மணிக்குச் சுமார் 89 கிலோமீட்டர். 600 சி.சி. எஞ்சினைப் பத்தாண்டுக் கணக்கில் செதுக்கி 950 வரை கொண்டுபோனார். பிஸ்டனை வீட்டிலேயே பழைய டின்னில் உருக்கி வார்த்தார். கனெக்டிங் ராடுகளை டிராக்டர் அச்சிலிருந்து கையால் அராவித் தேய்த்தெடுத்தார். உடைந்த பாகங்களை வேகத்தின் கடவுளுக்குக் காணிக்கை என்று எழுதி அலமாரியில் அடுக்கினார். தோல்வியை ஒளிக்கவில்லை, அடுக்கினார்! 1967-இல் அமெரிக்காவின் பொன்னவில் உப்புவெளியில், 68 வயதில் அவர் ஓட்டிய அந்த வண்டி மணிக்கு ஏறக்குறைய 296 கிலோமீட்டர் தொட்டது. 1,000 சி.சி.-க்குக் குறைந்த பிரிவில் அது உலக சாதனை.

நம் ஆளே வேண்டுமா? கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு. பள்ளிப்படிப்பு மிகக் கொஞ்சம். ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, ஹோட்டலில் பரிமாறிக் காசு சேர்த்து, அந்த வண்டியையே வாங்கி, ஓட்டிச் சுற்றாமல் பிரித்துப் போட்டுப் படித்தார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே பஸ் விட்டார்.

இந்த இடத்தில் ஒரு கோபத்தையும் கொட்டிவிடுகிறேன். முறுக்கேற்றிய மோட்டாரை நடுராத்திரி பொதுச் சாலையில் பறக்கவிட்டு உயிரை விடுவதைத் துணிச்சல் என்று சொல்லாதே. இழுவைக் களத்தில் இறங்கும் வண்டிகளில் ஒரு கயிறு இருக்கும். ஒரு முனை பளுவண்டியில், மறுமுனை எஞ்சினை அணைக்கும் சுவிட்சில். பிணைப்பு அறுந்தால் அந்த நொடியே எஞ்சின் செத்துவிடும். ஃப்ளைவீல் வெடித்தால் துண்டுகள் தெறிக்காமலிருக்க இரும்புக் கவசமும் உண்டு. உண்மையான பலசாலிக்குத்தான் கயிறு கட்டுகிறார்கள்.

சரி, உன் கதைக்குத் திரும்புவோம். செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களிலும் பிறகு ரப்பர் தோட்டங்களிலும் இந்த மண்ணை உருவாக்கியவர்கள் நம் பாட்டன்மார். அவர்கள் கையில் இருந்த வித்தைக்குச் சான்றிதழ் கொடுக்க அன்று யாரும் இல்லை. இன்று அதற்கு வழி இருக்கிறது! எஸ்.கே.எம். என்கிற மலேசியத் திறன் சான்றிதழை வகுப்பில் உட்கார்ந்துதான் வாங்க வேண்டும் என்பதில்லை. வேலை அனுபவத்தையே ஆதாரமாகக் காட்டி, மதிப்பீட்டாளர் முன் செய்துகாட்டி வாங்கும் வழியும் உண்டு. மூன்றாம் நிலை வரை சான்றிதழ், நான்காவது டிப்ளோமா, ஐந்தாவது உயர் டிப்ளோமா. பத்து வருஷம் கையில் கிரீஸோடு நின்றவன் ஏன் வெறுங்கையோடு நிற்க வேண்டும்? தங்கச்சி, இது உனக்கும்தான். ஸ்பேனருக்கு ஆண் பெண் தெரியாது.

ஆதாரம் என்றால் வாய்ப்பேச்சு செல்லாது. நாளை காலை பட்டறைக்குப் போகும்போது ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டு போ. எந்த வண்டி வந்தது, என்ன கோளாறு, எதைப் பிரித்தாய், எந்த அளவில் திரும்பப் பூட்டினாய், எல்லாவற்றையும் தேதி போட்டு எழுது. போனில் படம் எடு. மேஸ்திரியிடம் கையெழுத்து வாங்கு. அவர் சிரித்தால் சிரிக்கட்டும், அடுத்த நாளும் நீட்டு. கை எண்ணெயாக இருக்கிறதா? தாளில் கறை படட்டும், எழுது!