புகைக்குப் பொறுப்பு யார்?

தை மாதக் கடைசியில் அனுமந்தன்பட்டியில் அத்தை வீட்டில் நாலு நாள் தங்கியிருந்தேன். இரண்டாம் நாள் விடியற்காலையில் அவளுடைய இருமல் என்னை எழுப்பியது. எழுபத்தெட்டு வயது, நெடுநாளாக இழுப்பு. கட்டிலில் இரு கைகளையும் ஊன்றிக்கொண்டு மூச்சுக்குப் போராடிக்கொண்டிருந்தாள். கதவைத் திறந்தேன். மேற்கே மலையையே காணோம். தெருவெல்லாம் சருகு கருகிய வாடை.

இன்ஹேலரை எடுத்துக் கொடுத்துவிட்டு, "என்ன அத்தை இது?" என்றேன்.

"மலையில புல்லைக் கொளுத்துறாங்கப்பா. வருஷா வருஷம் உள்ளதுதானே" என்றாள், மூச்சு வாங்க.

டீக்கடையில் கோபமாகப் பேசினேன். காட்டு வேலைக்குப் போகும் ஒருவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ஐயா, ஒரு கோட்டை எரிக்கிறது மலை எரியாம இருக்கத்தான். குரங்கணியை மறந்துட்டீங்களா?" என்றார்.

நான் வாயடைத்துப் போனேன். 2018 மார்ச் 11 அன்று போடிக்கு மேலே குரங்கணி மலையில் காட்டுத்தீ பரவி, மலையேறப் போனவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை இந்த ஜில்லா எப்படி மறக்கும்? கோடைக்கு முன்பே காய்ந்த புல்லையும் சருகையும் கோடு கோடாக எரித்துவிட்டால், பங்குனி, சித்திரையில் வரும் பெருந்தீக்கு அந்த இடத்தில் தின்ன ஒன்றும் இராது. பிலிகிரிரங்கன் மலையின் சோளகர்கள் தலைமுறை தலைமுறையாகச் சருகை மட்டும் எரித்து வந்ததும் இந்த அறிவினால்தான்.

பெருந்தீயின் புகையோ இன்னும் கொடியது. ஆஸ்திரேலியாவில் 2019-20 கோடையில் காட்டுத்தீயில் நேரடியாக இறந்தவர்கள் 33 பேர். அதன் புகையால் இறந்தவர்கள் 417 பேர் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். ஆகவே, பெரும் புகையைத் தடுக்கச் சிறு புகை என்கிற நியாயத்தை நான் மறுக்கவில்லை.

ஆனால் "சிறு புகை" என்று அளப்பது யார்? புகையில் உள்ள நுண்துகள்கள் தலைமயிரின் பருமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கே இருக்கும். அவை நுரையீரலின் அடிவரை போகும். சில ரத்தத்திலும் கலக்கும். ஒரு கன மீட்டர் காற்றில் ஒரு நாள் சராசரியாக இவை 15 மைக்ரோகிராமுக்கு மேல் கூடாதென்று 2021-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. நம் நாட்டில் 2009-ல் வகுத்த வரம்பு 60. கணக்கு எதுவானாலும் அத்தையின் நெஞ்சு அதைப் பார்த்தா மூச்சு விடுகிறது? கம்பம் பள்ளத்தாக்கோ இரண்டு மலைகளுக்கு நடுவே தொட்டில்போல் கிடப்பது. இரவில் குளிர்ந்த காற்று சரிவில் இறங்கிக் கீழே தங்குகிறது. மேலே வெதுவெதுப்பான காற்று மூடிபோல் கவிந்துகொள்கிறது. வெயில் ஏறும்வரை புகைக்குப் போக்கிடம் இல்லை.

ஊரின் பெயரிலேயே அனுமன் இருக்கிறான். வால்மீகியின் சுந்தர காண்டத்தில் இலங்கையை எரித்துவிட்டு, வாலின் நெருப்பைக் கடலில் அணைத்த பிறகு, அவனுக்குத் திடீரென்று நெஞ்சு பதறுகிறது. சீதையும் இதில் எரிந்திருந்தால்? அவளை நினைக்காமல் போனோமே என்று தன்னையே நொந்துகொள்கிறான். அவள் நலமென்று கேள்விப்பட்ட பிறகே அவனுக்கு அமைதி வருகிறது. எரித்த வீரத்தைவிட இந்தப் பதற்றம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

தானாக மூண்ட தீயின் புகையை விதி என்று சொல்லலாம். நாள் பார்த்து, ஆள் வைத்து மூட்டிய தீயின் புகையை அப்படிச் சொல்ல முடியாது. காரியம் நல்லதாயிருப்பதனால் அதன் தீங்குக்கு நாம் பொறுப்பில்லை என்றாகிவிடாது. காற்றின் திசை பார்த்து மூட்டலாம், அந்திக்குள் அணைத்துவிடலாம், முடிந்த இடத்தில் புல்லை அறுத்தே அகற்றலாம். எல்லாவற்றுக்கும் முன்னால், கீழே மூச்சுவிடும் மனிதருக்கு ஒரு வார்த்தை சொல்லலாம்.

புறப்படும் நாளில் அத்தையிடம், "இனி எரிக்கவே கூடாதென்று சொல்லட்டுமா?" என்று கேட்டேன்.

"வேண்டாம்பா, காடு பொழைக்கணும்ல. நாலு நாள் முன்னாடி தண்டோரா போட்டுச் சொல்லியிருந்தா, மதுரையில மக வீட்டுக்குப் போயிருப்பேன். அவ்வளவுதான்" என்றாள்.

அவள் கேட்டது அவ்வளவுதான்.