நுண்ணோக்கியும் கொல்லாமையும்

மீன்களை நுண்ணோக்கியாற் கண்டு ஆராய்தல் அறமாமோ என வினவுவார்க்கு, அக்காட்சி இருவகைத்து என்க. வரிக்குதிரைமீனின் கரு பளிங்கனையது. ஒருநாளளவில் அதன் நெஞ்சு துடிக்கத் தொடங்குதலை உயிரோடிருக்கவே கண்டு, மீட்டும் நீரில் விடலாம். ஆயின், எலும்பினைச் செஞ்சாயத்தாலும் குருத்தெலும்பினை நீலச்சாயத்தாலும் விளக்கிக் காண்டற்கு, மீனைக் கொன்று பதப்படுத்துவதே பெரும்பான்மை வழக்கு. முன்னது போதுமிடத்துப் பின்னதை நாடுதல் குற்றமேயாம்.

போதாவிடத்துச் செய்வது யாது? மண்ணரை உள்ளிட்ட திருப்பூர் வட்டாரத்து நொய்யலிற் சாயக்கழிவு கலந்தமையால், 2011-ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடுமாறு ஆணையிட்டது. அத்தகைய நஞ்சு மீனுடலை எங்ஙனம் சிதைக்கும் என்பதைச் சில மீன்களின் சாவினாலன்றி அறியலாகாதெனின், அங்ஙனம் பெற்ற அறிவு ஆற்றையும் அதில் வாழும் உயிர்களையும் காத்தற்குப் பயன்படுதல் வேண்டும். ஏட்டளவில் நின்றொழியுமேல், அவ்வுயிர்கட்கு நாம் கடன்பட்டவராவோம் என்பதே எமது துணிபு.