நின்றதா, நிறுத்தியதா?

1982 டிசம்பர் 2 அன்று, அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் பார்னி கிளார்க் என்ற பல் மருத்துவரின் நெஞ்சைத் திறந்தார்கள். அவருக்கு வயது 61. மாற்று இதயம் பெறும் வயது கடந்துவிட்டது என்று அன்றைய விதிகள் அவரை ஒதுக்கியிருந்தன. யூட்டா பல்கலைக்கழக அறுவை மருத்துவர் வில்லியம் டிவ்ரீஸ் அவருடைய இதயத்தின் இரு கீழறைகளையும் வெட்டி எடுத்துவிட்டு, ஜார்விக்-7 என்ற செயற்கை இதயத்தைப் பொருத்தினார். உடலிலிருந்து வெளியே வந்த இரண்டு குழாய்கள், கட்டிலருகே நின்ற பெரிய காற்றழுத்த இயந்திரம் ஒன்றில் போய் முடிந்தன. அது ஓடும்வரை கிளார்க் இருப்பார்.

அந்த இயந்திரத்துக்கு ஒரு சாவி உண்டு.

திட்டத்தின் மூளையாக இருந்தவர் வில்லெம் கோல்ஃப். இரண்டாம் உலகப் போரின்போது, ஜெர்மானியர் பிடியில் இருந்த நெதர்லாந்தில் டயாலிசிஸ் இயந்திரத்தை உருவாக்கியவர். சாவியைப் பற்றி அவர் மறைக்காமல் பேசினார்: இனித் தாங்க முடியாது என்று நோயாளி நினைத்தால் அதைத் திருப்பிவிடலாம், அதில் தவறில்லை. இது தற்கொலைக்குத் துணைபோவதா, சிகிச்சை வேண்டாம் என்று சொல்லும் உரிமையா என்ற விவாதம் உடனே கிளம்பியது. நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அது ஓயவில்லை.

தமிழ் இலக்கணத்தில் தன்வினை, பிறவினை என்று ஒரு பாகுபாடு உண்டு. ‘இதயம் நின்றது’ என்பது தன்வினை. ‘நிறுத்தினார்’ என்பது பிறவினை. உயிர் போயிற்று, மூச்சு அடங்கிற்று, காலமானார் என்று மரணத்தைத் தன்வினையாகவே சொல்லிப் பழகிவிட்டோம். பிறவினையாகச் சொல்ல நேர்ந்தால் அதற்கு ஓர் ஆள் வேண்டும். எருமை மேல் ஏறி எமன் வருவது அதற்காகத்தானோ என்னவோ. சாவியோடு வந்த இதயம் இந்த இலக்கணத்தைக் குழப்பிவிட்டது.

இன்று முற்றிய இதயச் செயலிழப்புக்குப் பெரிதும் பயன்படுவது முழுச் செயற்கை இதயம் அல்ல, இடது கீழறைக்குத் துணைநிற்கும் பம்பு. ஹார்ட்மேட் 3 அவற்றில் ஒன்று. காந்த விசையில் அந்தரத்தில் மிதக்கும் சுழலி நிமிடத்துக்கு 5,000 முறைக்கு மேல் சுழன்று, கீழறையிலிருந்து இரத்தத்தை உறிஞ்சிப் பெருந்தமனிக்குள் தள்ளும். வயிற்றுத் தோலைத் துளைத்து வெளியே வரும் கேபிள், இடுப்பிலுள்ள கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் இரண்டு பேட்டரிகளுக்கும் போகும். இரவில் சுவர் பிளக்கில் செருகிக்கொண்டு தூங்க வேண்டும். குளத்தில் இறங்கி முங்குவதை மறந்துவிட வேண்டும்.

பலன் சிறியதல்ல. 2001-இல் வெளியான ரீமேட்ச் ஆய்வில், மருந்தை மட்டும் நம்பியிருந்தவர்களில் ஓராண்டு தாண்டியவர்கள் 25 சதவீதம். அன்றைய பம்பைப் பொருத்திக்கொண்டவர்களில் 52 சதவீதம். ஹார்ட்மேட் 3 பொருத்தியவர்களில் ஐந்தாண்டு தாண்டுவோர் இப்போது பாதிக்கும் மேல்.

ஆனால் பலருக்கு மணிக்கட்டில் நாடி சரியாகத் தட்டுப்படாது. இரத்தம் துடித்துத் துடித்துப் போகாமல் வாய்க்கால் நீர்போல ஒரே சீராகப் போவதுதான் காரணம். இரண்டு விநாடிக்கு ஒருமுறை ஹார்ட்மேட் 3 தன் வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்கிறது என்றாலும், அது பழைய துடிப்பு ஆகாது. மூன்று விரல் வைத்து நாடி பார்த்து உயிரின் நிலை சொன்ன வைத்தியர்கள் இவர்களைக் கண்டால் என்ன சொல்லியிருப்பார்கள்!

பீட்டர் ஹௌட்டன் அப்படி நாடி இல்லாமல் வாழ்ந்தவர். 2000-ஆம் ஆண்டு ஆக்ஸ்ஃபோர்டில் ஸ்டீபன் வெஸ்டபி அவருக்கு ஜார்விக் 2000 பம்பைப் பொருத்தினார். மின்சாரம் காதுக்குப் பின்னால் மண்டையோட்டில் பதித்த பிளக் வழியாக உள்ளே போனது. ஏழாண்டுக்கும் மேல் வாழ்ந்தார். மரணத்தை நெருங்கியவர்களுக்கு ஆலோசனை சொல்வது அவருடைய தொழிலாக இருந்தது என்பதால், தன்னையே கூர்ந்து கவனித்தார். முன்புபோல உணர்ச்சிகள் பொங்குவதில்லை, மனம் ஆறிப்போய்விட்டது என்று பத்திரிகையாளரிடம் சொன்னார். பம்புதான் காரணம் என்று இதிலிருந்து முடிவுகட்ட முடியாது. நெடுநாள் நோயும் மருந்தும் மனத்தை மாற்றும். ஆனாலும் கிளார்க்கின் மனைவி அறுவைக்கு முன் மருத்துவர்களிடம் கேட்டதாகச் சொல்லப்படும் கேள்வி நினைவுக்கு வருகிறது: இனியும் அவரால் என்னை நேசிக்க முடியுமா?

பம்பு இயந்திரமா, உறுப்பா? மருத்துவரும், அப்போது பிரான்சிஸ்கன் சபைத் துறவியுமாக இருந்த டேனியல் சல்மேசி 2008-இல் இதை அலசினார். மாற்று இதயம் உடலோடு ஒன்றிவிடுகிறது. அதைப் பிடுங்குவது உறுப்பைப் பிடுங்குவது. டயாலிசிஸ் வெளியே நிற்கும் பதிலி மட்டுமே. உடலின் தேவைக்கேற்ப மாறுகிறதா, தன்னைத்தானே சரிசெய்துகொள்கிறதா, வெளியிலிருந்து ஆற்றல் வேண்டாமா என்று கேட்டுப் பார்க்கச் சொன்னார். பேட்டரியில் ஓடும் பம்பு இதில் தேறாது.

கத்தோலிக்க மரபுக்கு இந்தச் சங்கடம் பழையது. 1957 நவம்பரில் மயக்க மருந்து வல்லுநர்களிடம் பேசிய பன்னிரண்டாம் பயஸ் போப், உயிர்காக்க வழக்கமான வழிகளைக் கையாள்வது கடமை, அளவுமீறிய சுமையைத் தாங்குவது கடமையல்ல என்றார். யூதச் சட்டம் வேறு வழியில் போயிற்று. ஓடிக்கொண்டிருக்கும் வென்டிலேட்டரைக் கையால் நிறுத்தக் கூடாது. விட்டுவிட்டுத் தரும் சிகிச்சையை அடுத்த முறை தொடங்காமல் இருக்கலாம். அதனால் இஸ்ரேல் 2005-இல் இயற்றிய சட்டம், வென்டிலேட்டரில் டைமர் பொருத்த இடம் கொடுத்தது. தானாக நின்ற பிறகு, மறுபடி ஓட்டுவதா என்று முடிவு செய்யலாம். பிறவினையைத் தன்வினையாக்கும் தந்திரம்! சிரிக்கத் தோன்றும், ஆனால் ‘நான் கொல்லவில்லை’ என்று சொல்லிக்கொள்ள மனிதக் கை எவ்வளவு தவிக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

யோசித்தால், இதயப் பம்பிலேயே ஒரு டைமர் இருக்கிறது: பேட்டரி. அதை நாள் தவறாமல் மாற்றுவது நோயாளியோ அவருடைய மனைவியோ மகனோதான். அதாவது ஓட விடுவதும் இங்கே ஒரு செயல், தினமும் செய்யும் செயல். அதனால் நிறுத்துவதை மட்டும் தனியே பிடித்து நிறுத்தி விசாரிப்பது நியாயமாகப் படவில்லை. துணைப் பம்பை நிறுத்தினால், நெஞ்சில் இன்னும் இருக்கும் சொந்த இதயத்தின் பழைய நோய் தன் வேலையை முடிக்கிறது. சிலர் நிமிடங்களில் போய்விடுகிறார்கள், சிலருக்கு அதைவிட நேரமாகிறது. இந்திய உச்ச நீதிமன்றம் 2018-இல், உயிர்காக்கும் சிகிச்சையை விலக்கிக்கொள்வதற்கும் முன்கூட்டியே எழுதிவைக்கும் மருத்துவ உயிலுக்கும் ஒப்புதல் அளித்ததும் இந்த நியாயத்தை ஒட்டித்தான்.

கிளார்க்கின் நிலை வேறு. அங்கே திரும்பிப் போக நோயுற்ற இதயமே இல்லை, வெட்டி எடுத்தாயிற்று. சாவியைத் திருப்பினால் வேலையை முடிக்க எந்த நோய் மிச்சமிருக்கிறது? ‘நோய்தான் கொன்றது’ என்ற ஆறுதல் துணைப் பம்புக்குப் பொருந்துவதுபோல முழுச் செயற்கை இதயத்துக்குப் பொருந்தவில்லை. தத்துவவாதிகள் இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டும்போது இந்த இடம் நழுவிவிடுகிறது.

பம்பைப் பொருத்தும் நாளிலேயே அதை நிறுத்தும் நாளைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது. மாற்று இதயத்தை எதிர்பாராமல் ஆயுளுக்கும் பம்பு பொருத்தும் குழுவில் வலிதணிப்பு மருத்துவர் ஒருவர் இருக்க வேண்டும் என்று அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடு 2013-இல் விதித்தது.

கிளார்க் வலிப்பையும், உடைந்த வால்வையும், ஓயாத மூக்கு இரத்தத்தையும் தாண்டி 112 நாள் இருந்தார். சாவியைத் திருப்பவில்லை. 1983 மார்ச் 23 அன்று மற்ற உறுப்புகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டன. ஜார்விக்-7 மட்டும் இறந்தவரின் நெஞ்சுக்குள் துடித்துக்கொண்டிருந்தது. கடைசியில் மருத்துவர்கள்தான் அதை நிறுத்தினார்கள்.