ஈகையா, கடனா?

கன்னியாகுமரி மாவட்டத்தில் கோயில், தேவாலயம், அய்யாவழிப் பதி, பள்ளிவாசல் என எல்லா வாசல்களிலும் ஈகை போற்றப்படுகிறது. பிறந்தநாளன்று பார்வையற்ற பிள்ளைகளுக்கு ஒருவேளைச் சாப்பாடு போடுவது அதன் பழகிய வடிவம். அதிலுள்ள அன்பை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பிள்ளைக்கு எழுத்தறிவிப்பதையும் அதே கணக்கில் வைப்பது அறப்பிழை. விருந்து போடாத ஒருவரை யாரும் கேள்வி கேட்க முடியாது. புத்தகம் தராத பள்ளியைக் கேட்டே ஆக வேண்டும். பார்வையின்மை முன்வினைப் பயன் என்ற நினைப்புத்தான் இந்தக் குழப்பத்தின் வேர். யோவான் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தில், பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்டு, இது யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்கிறார்கள். அவருடையதும் இல்லை, பெற்றோருடையதும் இல்லை என்கிறார் இயேசு. அய்யாவழியைத் தோற்றுவித்த சாமித்தோப்பு வைகுண்டரோ (1809–1851) தாழ்ந்து கிடப்போரைக் காப்பதையே தர்மம் என்றார். ஒடுக்கப்பட்டோரைத் தலைப்பாகை கட்டி வழிபடச் செய்தார். அவர் சொன்ன காத்தல், நிமிர்ந்து நிற்கச் செய்வது. இந்த மண்ணின் சமயங்களே இரக்கத்துக்கு அப்பால் போயிருக்கின்றன.

1890இல் பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோர் பள்ளியைத் தொடங்கியபோது எந்தச் சட்டமும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. கருணை இல்லாவிட்டால் கல்வியே வந்திருக்காது என்று இதைக் காட்டிச் சொல்லலாம். உண்மைதான், அந்த நன்றி என்றும் உரியது. ஆனால் ஊரின் கடனை ஒருவர் முன்வந்து அடைத்தார் என்பதால் அது கடன் இல்லை என்றாகிவிடாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 6 முதல் 18 வயது வரை அருகமைப் பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ, விரும்பிய இடத்தில் இலவசமாகப் படிக்கும் உரிமையைத் தருகிறது. பக்கத்துப் பள்ளியில் பிரெயில் தெரிந்த ஆசிரியர் இல்லையென்றால் அங்கே விருப்பம் என்ற பேச்சுக்கே இடமில்லை: பிள்ளை வீட்டைப் பிரிந்து விடுதிக்குப் போக வேண்டும், அல்லது வகுப்பில் வெறுமனே உட்கார்ந்திருக்க வேண்டும். சிறப்புப் பள்ளிகளை மூடிவிட்டு எல்லோரையும் பொதுப் பள்ளியில் சேர்த்தால் போதும் என்பவர்கள் இந்த இரண்டாவது கொடுமையை எண்ணிப் பார்க்க வேண்டும். கைபேசியே வாசித்துக் காட்டும்போது பிரெயில் எதற்கு என்ற கேள்வியும் எழுகிறது. காதால் மட்டும் படிக்கும் பிள்ளைக்கு, எங்கே ரகரம், எங்கே றகரம், எங்கே லகரம், எங்கே ளகரம் என்பதை யார் காட்டுவது? பிரெயிலின் ஆறு புள்ளிகளை விரலால் தொட்டுப் படிக்கும் பிள்ளைதான் தானே எழுதவும் பிழைதிருத்தவும் கற்கிறது.

2011 கணக்கெடுப்பில் 91.75 விழுக்காட்டுடன் எழுத்தறிவில் தமிழகத்தின் முதல் மாவட்டம் கன்னியாகுமரி. இங்கே திருச்சபைகள் நடத்தும் பள்ளிகள் பல. பிரெயில் ஆசிரியரை நியமிக்கும்படி அரசை வற்புறுத்துவதும், அதுவரை தங்கள் செலவில் ஒருவரை அமர்த்துவதும் அவற்றின் நிர்வாகங்களுக்குக் கைக்கெட்டாத காரியமல்ல.