ஆளில்லாத இடம்

பெரிய கட்டடங்களைக் குளிர்விக்கும் தொழிலில் கடந்த நாற்பது ஐம்பது ஆண்டுகளில் வந்த மிக நல்ல யோசனைகளில் ஒன்றை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: ஆள் இருக்கும் இடத்தை மட்டும் குளிர்வி. இதுவும் ஒரு யோசனையா என்று தோன்றும். 'ஆளில்லாத ரூம்ல ஃபேன் எதுக்குடா ஓடுது?' என்று நம் வீட்டில் அம்மாக்கள் தினமும் கேட்டதுதானே. ஆனால் கட்டடங்கள் நெடுங்காலம் அந்த அம்மாக்களின் பேச்சைக் கேட்கவில்லை. ஒரு மாடி முழுவதற்கும் ஒரே காற்றுக்குழாய், ஒரே தெர்மோஸ்டாட் என்றுதான் கட்டினார்கள். மேற்கு ஜன்னலோரம் இருப்பவர் வியர்த்துக்கொண்டிருப்பார், நடுவில் இருப்பவர் சால்வை போர்த்தியிருப்பார், யாருமில்லாத கூட்ட அறை ராத்திரி முழுக்க ஜில்லென்று கிடக்கும்.

மண்டலம் மண்டலமாகப் பிரித்துக் குளிர்விக்கும் முறை இதற்குப் பதிலாக வந்தது. ஒரு வகையில், ஒவ்வொரு பகுதிக்கும் போகும் காற்றுக்குழாயில் ஒரு தடுப்பு இருக்கும். தேவைக்கேற்ப அது திறக்கும், சுருங்கும். இன்னொரு வகையில், மொட்டைமாடியில் இருக்கும் ஒரு யூனிட்டிலிருந்து மெல்லிய செம்புக்குழாய்கள் பல அறைகளுக்குப் போகும். எந்த அறைக்கு எவ்வளவு வேண்டுமோ அதற்கேற்பக் கம்ப்ரஸர் வேகத்தை மாற்றிக்கொள்ளும். ஜப்பானின் டைகின் நிறுவனம் 1982இல் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. சின்ன லாட்ஜுகளில் கதவருகே சாவி அட்டையைச் சொருகினால்தான் கரண்ட் வரும், இல்லையா? அதுவும் இதே யோசனையின் ஏழைத் தம்பிதான்.

என் சம்பளமும் இந்த ஒரு வரியிலிருந்துதான் வருகிறது. சென்சார்கள் சொல்வதை வைத்து எந்தப் பகுதிக்கு எவ்வளவு குளிர் என்று முடிவெடுக்கும் மென்பொருளை எழுதுகிறவன் நான். அந்த மென்பொருளில் ஒவ்வொரு மண்டலத்துக்கும் அடிப்படையில் இரண்டு நிலைகள் உண்டு. ஆள் உண்டு. ஆள் இல்லை. இந்த இரண்டாவது சொல்லைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சிக்கனத்துக்கு எதிராக எனக்கு ஒன்றும் இல்லை. 2019இல் வெளியான இந்தியாவின் குளிர்விப்புச் செயல்திட்டம், 2017-18ஐ ஒப்பிட்டால் 2037-38க்குள் நம் குளிர்விப்புத் தேவை எட்டு மடங்கு வரை ஆகும் என்று கணித்தது. அந்த எட்டு மடங்கையும் பழைய முறையிலேயே சமாளிக்கப் போனால் வெளியே இன்னும் வெக்கை கூடும், அதைத் தாங்க இன்னும் ஏசி வேண்டும். தெர்மோஸ்டாட்டை ஒரு டிகிரி உயர்த்தினால் ஏறக்குறைய 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்று மத்திய எரிசக்தித் திறன் பணியகம் சொல்கிறது. 2020 ஜனவரி முதல் புதிய வீட்டு ஏசிகள் 24 டிகிரியில் தொடங்கும்படி விற்கப்படுவது இதனால்தான். எல்லாம் நல்லதே.

ஆனால் ஏசி செய்யும் காரியத்தைச் சரியாகச் சொல்ல வேண்டும். அது குளிரை உண்டாக்குவதில்லை. ஓரிடத்து வெப்பத்தை எடுத்து இன்னோரிடத்தில் கொட்டுகிறது, அவ்வளவுதான். 'ஒன்றரை டன் ஏசி' என்கிறோமே, அந்த டன் பனிக்கட்டியிலிருந்து வந்த கணக்கு. ஒரு டன் பனிக்கட்டி இருபத்துநான்கு மணிநேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை இழுத்துக்கொள்ளுமோ அதுதான் ஒரு டன். ராமேஸ்வரத்தில் விசைப்படகுகளில் ஐஸ் ஏற்றுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பனிக்கட்டி உருகி முடிந்தால் அதன் கதை முடிந்தது. ஏசி அப்படியில்லை. ஒன்றரை டன் ஏசி உள்ளேயிருந்து சுமார் 5 கிலோவாட் வெப்பத்தை எடுக்கும். அதற்குத் தான் செலவழித்த ஒன்றரை கிலோவாட்டையும் சேர்த்து ஆறரை கிலோவாட்டாக வெளியே தள்ளும். உள்ளே ஒருவருக்குக் கிடைத்த சுகத்தைவிட, வெளியே கொட்டப்படும் வெக்கை எப்போதும் கொஞ்சம் அதிகம். எந்தத் தொழில்நுட்பமும் இந்தக் கணக்கை மாற்ற முடியாது, வித்தியாசத்தைக் குறைக்கலாம், அவ்வளவே.

சரி, 'வெளியே' என்பது எங்கே?

ராமேஸ்வரத்தில் நான் ஒருமுறை தங்கிய லாட்ஜில் அது வண்டி நிறுத்துமிடமாக இருந்தது. மூன்று மாடி. ஒவ்வொரு அறையும் ஒரு மண்டலம். சாவி அட்டை, அறைக்கு ஒரு ஏசி, ஒழுங்கான ஏற்பாடு. எல்லா அவுட்டோர் யூனிட்டுகளும் பக்கச் சுவரில் வரிசையாக மாட்டப்பட்டு, கீழே நிற்கும் வேன்களைப் பார்த்து ஊதிக்கொண்டிருந்தன. வேன்களில் டிரைவர்கள் படுத்திருந்தார்கள். யாத்திரை ஊர் இது. மொழிவாரியாக, மாநிலவாரியாக ஆட்களை ஏற்றிக்கொண்டு இரவெல்லாம் ஓட்டி வருகிறவர்கள். விடியற்காலை அக்னி தீர்த்தத்துக்குக் குடும்பம் கிளம்பும்வரை அவர்களுக்குக் கிடைக்கிற நாலைந்து மணிநேரம்தான் தூக்கம். தண்ணீர் பாட்டில் வாங்க இறங்கியவனிடம் ஒரு டிரைவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "மேல அவுங்க ஏசி போட்டா கீழ நமக்கு ஹீட்டர் போட்ட மாதிரி சார்." வண்டி ஏசியைப் போட்டுக்கொள்ளலாமே என்றேன். "டீசலுக்கு ஓனர் கணக்குக் கேப்பாரு. அதுவுமில்லாம மூடுன வண்டில ஏசி போட்டுத் தூங்குனா எந்திரிப்போமான்னு தெரியாதுல்ல."

பாம்பனைச் சுற்றியுள்ள இந்தக் கடற்கரையில் வெயில் அளவு உள்நாட்டைப் போல எகிறுவதில்லை. பரமக்குடிப் பக்கம் காய்கிற மாதிரி இங்கே காயாது. ஆனால் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். ஈரக்காற்றில் அது ஆவியாகாமல் உடம்பிலேயே நிற்கும். ஆகவே இங்கே ஒரு மனிதன் தூங்குவதற்குத் தேவை ஜில்லென்ற அறை என்பதைவிட, ஓடுகிற காற்று. அந்தச் சுவரோரம் ஓடிய காற்றோ, பத்துப் பன்னிரண்டு அறைகளின் வெப்பத்தைச் சுமந்து வந்த காற்று.

அந்த லாட்ஜின் வரைபடத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் இப்படிப்பட்ட வரைபடங்கள் பலவற்றைப் பார்த்திருக்கிறேன். குளிர்விக்கும் பகுதிகளுக்கு வண்ணம் இருக்கும். படிக்கட்டு, சமையல்கட்டு, காவலாளி நிற்கும் வாசல், வண்டி நிறுத்துமிடம் எல்லாம் வெள்ளையாக இருக்கும். வெள்ளைப் பகுதிக்குச் சென்சார் கிடையாது. என் மென்பொருள் அங்கே 'ஆள் இல்லை' என்றுகூடச் சொல்லாது. அப்படி ஓர் இடம் இருப்பதே அதற்குத் தெரியாது.

இதை நண்பர் ஒருவரிடம் சொன்னபோது, பத்து வருடமாக ஏசி மாட்டும் தொழிலில் இருப்பவர், கொஞ்சம் எரிச்சலாகவே கேட்டார்: "வெட்டவெளிய எவனாவது குளிர்விப்பானா? டிரைவருக்கு லாட்ஜுக்காரன் என்ன பண்ணுவான்? அவரு லாட்ஜு ஆளே கிடையாதே." எளிதில் தள்ளிவிட முடியாத கேள்வி. டிரைவர் லாட்ஜின் ஊழியர் இல்லை, அறை எடுத்தவரும் இல்லை. வேன் முதலாளியைக் கேட்டால் தங்குமிடம் பார்ட்டியின் பொறுப்பு என்பார். பார்ட்டி, வாடகையில் எல்லாம் அடக்கம் என்று நினைத்திருக்கும். யாரும் கெட்டவர்கள் இல்லை. ஒவ்வொருவரும் தன் எல்லைக்குள் கடமையைச் சரியாகவே செய்கிறார்கள். காற்றை மட்டுமா மண்டலம் மண்டலமாகப் பிரித்திருக்கிறோம், பொறுப்பையும்தான். எல்லோருடைய எல்லையும் முடிந்தபின் மிஞ்சுகிற இடத்தில் ஒரு மனிதர் வேனுக்குள் படுத்திருக்கிறார்.

இங்கே வழக்கமாக ஒரு பதில் வரும். நம் முன்னோர் கட்டடங்களைப் பாருங்கள், திண்ணையைப் பாருங்கள், கோயில் பிரகாரத்தைப் பாருங்கள் என்பார்கள். பார்க்கத்தான் வேண்டும். ராமநாதசுவாமி கோயிலின் மூன்றாம் பிரகாரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தூண்கள். கனத்த கல் பகல் வெப்பத்தை மெதுவாகத்தான் உள்ளே விடும். நீண்ட நடையில் காற்று ஓடும். ஒரு யூனிட் மின்சாரம் இல்லாமல் உச்சிவெயிலில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு நிழல். பொறியாளனாக எனக்கு அது வியப்புதான். ஆனால் அந்த நிழலுக்கும் வரைபடம் இருந்தது. 1947இல் சென்னை மாகாணக் கோயில் நுழைவுச் சட்டம் வந்தபோதுதான், யார் உள்ளே வரலாம் என்ற பழைய கோடு சட்டப்படி அழிக்கப்பட்டது. திண்ணையும் அப்படித்தான். வழிப்போக்கனுக்கு இடம் கொடுத்தது உண்மை, எந்த வழிப்போக்கனுக்கு என்பதும் உண்மை. தெரு, திண்ணை, நடை, முற்றம் என்று நம் பழைய வீடு ஓர் ஆளை எதுவரைக்கும் விடுவது என்பதைக் கறாராகப் பிரித்து வைத்திருந்தது. மண்டலப் பிரிப்பை நாம் ஜப்பானிடம் கற்கவில்லை. நமக்கு அது நன்றாகவே தெரியும்.

ஆகவே 'பழையது இரக்கமுள்ளது, புதியது இரக்கமற்றது' என்று என்னால் எழுத முடியாது. இரண்டிலும் முதலில் போடப்படுவது ஒரு கோடுதான். கோடு போட்டபின் எவ்வளவு திறமையாகக் குளிர்வித்தாலும், அந்தத் திறமை கோட்டைக் கேள்வி கேட்காது. கோடு எங்கே விழ வேண்டும் என்று சொல்ல ஒரு சென்சாராலும் முடியாது.

மனிதர்கள் சொல்லலாம். சமீபத்தில் சொல்லியும் இருக்கிறார்கள். 2021இல் தமிழ்நாட்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது. ஜவுளிக்கடை, நகைக்கடைகளில் நாள் முழுக்க நின்றே வேலை பார்த்தவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்றது. அந்தக் கடைகள் பல வருடங்களாக ஏசி போட்டவைதான். வரைபடத்தில் அந்தப் பெண்கள் வண்ணம் பூசிய பகுதிக்குள்தான் நின்றார்கள். குளிர் இருந்தது, நாற்காலி இல்லை. 2023இல் கட்டட விதிகளில் இன்னொரு திருத்தம் வந்தது. விருந்தினர்களின் வண்டியோட்டிகளுக்கு ஓட்டல்களும் விடுதிகளும் படுக்கை வசதியும் கழிவறையும் செய்துதர வேண்டும் என்றது. என் நண்பரின் கேள்விக்கு அரசாணை சொன்ன பதில் இது: அவர் லாட்ஜ் ஆள் இல்லாமல் இருக்கலாம், ஆனால் அங்கே ஓர் ஆள் இருக்கிறார். விதி எங்கெங்கே நடைமுறைக்கு வந்திருக்கிறது என்பது தனிக் கேள்வி. வெள்ளையாக இருந்த இடத்தில் ஒரு மனிதரை வரைந்து காட்டியதே அதன் முதல் வேலை.

வரைபடத்தை இன்னும் பெரிதாக விரித்தால் இந்த மாவட்டமே அதற்குள் வந்துவிடும். ராமேஸ்வரத்திலிருந்து மேற்கே, இதே ராமநாதபுரம் மாவட்டத்தின் கமுதியில், 2016இல் அதானி குழுமம் 648 மெகாவாட் சூரிய மின்நிலையத்தைக் கட்டி முடித்தது. 2500 ஏக்கர், சுமார் 25 லட்சம் பலகைகள். ஒரே இடத்தில் அமைந்தவற்றில் உலகிலேயே பெரியது என்று அப்போது சொன்னார்கள். தண்ணியில்லாக் காடு என்று பெயரெடுத்த மாவட்டத்துக்கு வெயிலே விளைச்சலானது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை, நிலக்கரியைவிட ஆயிரம் மடங்கு மேல். ஆனால் இப்படிப்பட்ட திட்டங்களைப் பற்றிய பேச்சில் 'சும்மா கிடந்த இடம்' என்ற சொல் எவ்வளவு சுலபமாக வருகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? இந்தப் பக்கத்துத் தரிசில் ஆடு மேயும். சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைப்பவர்கள் உண்டு. அதுவும் ஒருவிதமான 'ஆள் இல்லை'தான். அங்கே உற்பத்தியாகும் மின்சாரம் எந்த ஊரின் எந்த அறைக்கு என்று யாரும் பிரித்துச் சொல்ல முடியாது, அது மின்தொகுப்பில் கலந்துவிடும். ஆனால் அதைக் குளிராக மாற்றிக்கொள்ள ஏசி வைத்திருப்பவர்கள் யார் என்பது தெரிந்ததுதானே.

இனி மிச்சத்துக்கு வருகிறேன். சிக்கனம் என்றாலே ஒரு மிச்சம் உண்டு. அந்த மிச்சம் யாருக்கு என்பதுதான் இதிலுள்ள அறக்கேள்வி என்று எனக்குப் படுகிறது. சின்னக் கணக்கு. 20 டன் ஏசி உள்ள ஒரு விடுதி முழு வேகத்தில் ஏறக்குறைய 20 கிலோவாட் எடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். அறைகளில் நல்ல மின்விசிறியைப் போட்டு தெர்மோஸ்டாட்டை 24இலிருந்து 26 ஆக்கினால், தூங்குகிறவருக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. 12 சதவீதம் என்றால் 2400 வாட் மிச்சம். புது வகை பிஎல்டிசி மின்விசிறி ஒன்றுக்கு 35 வாட் போதும். அறைகளின் விசிறிகளுக்குப் பாதியைக் கழித்துவிட்டாலும், மீதியில் முப்பதுக்கு மேற்பட்ட விசிறிகள் ஓடும். டிரைவர்களுக்கு, காவலாளிக்கு, சமையல்கட்டுக்கு, துணி துவைக்கும் அக்காவுக்கு. கரண்ட் பில் ஒரு ரூபாய் கூடாது. வெட்டவெளியைக் குளிர்விக்க வேண்டியதில்லை. ஒரு கூரை, ஒரு விசிறி, அவுட்டோர் யூனிட்டுகளை மொட்டைமாடிக்கு ஏற்றுவது, அவ்வளவுதான் கேட்கிறோம்.

அந்த மிச்சம் இப்போது எங்கே போகிறது? பெரும்பாலும் இன்னும் இரண்டு ஏசி அறைகளாக மாறுகிறது. 1865இலேயே ஜெவான்ஸ் என்ற ஆங்கிலப் பொருளாதார அறிஞர் நிலக்கரியை வைத்து இதைச் சொன்னார்: இயந்திரம் சிக்கனமானால் நிலக்கரிச் செலவு குறையாது, கூடும். மிச்சத்துக்கு ஒரு பெயரை முன்கூட்டியே எழுதி வைக்காவிட்டால், அது ஏற்கெனவே குளிரில் இருப்பவர் பக்கமே போய்ச் சேரும்.

ஆகவே வேலையின் வரிசையை மாற்றலாம் என்று நினைக்கிறேன். இப்போது நாங்கள் முதலில் கேட்பது, எந்தெந்த அறையில் எத்தனை பேர் என்று. அதற்கு முன்னால் இரண்டு கேள்விகள் இருக்க வேண்டும். இந்தக் கட்டடத்தால் மிக அதிகமாக வேகப்போகிறவர் யார்? இங்கே எடுக்கப்படும் வெப்பம் யார் மேல் போய் விழும்? இரண்டுக்கும் பதில் எழுதியபிறகு வண்ணம் பூச ஆரம்பிக்கலாம். இதற்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை. ராத்திரி பதினோரு மணிக்கு ஒருமுறை கீழே இறங்கிப்போய், வேன்களுக்கு நடுவே பத்து நிமிடம் நின்று பார்த்தால் போதும்.